எதை விட்டார்கள், எதை விடவில்லை



"இம்மியும் விட்டுத்தர மாட்டேன்" என்று மேடையில் முழங்கும் தலைவருக்குக் கைதட்டல் உடனே கிடைக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போகிறவருக்கோ விலைபோனவர் என்ற பழி. இது சரியான அளவுகோல்தானா? வெள்ளையர் ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள்.

1985 ஜனவரியில் அதிபர் போத்தா ஒரு நிபந்தனை விதித்தார். வன்முறையைக் கைவிட ஒப்புக்கொண்டால் நெல்சன் மண்டேலாவுக்கு விடுதலை. அப்போது மண்டேலா சிறைக்குப் போய் 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிப்ரவரி 10 அன்று சொவெட்டோ மைதானத்தில் அவருடைய மகள் சிண்ட்சி, அப்பாவின் பதிலைப் படித்தார். சிறையில் இருப்பவனால் ஒப்பந்தம் செய்ய முடியாது. மக்களுக்குச் சுதந்திரம் இல்லாதபோது தனக்கு மட்டும் அது வேண்டாம் என்றார் மண்டேலா.

அதே மண்டேலா, அதே ஆண்டு நவம்பரில், மருத்துவமனைக்குத் தம்மைப் பார்க்க வந்த நீதித்துறை அமைச்சரிடம் முகம் கொடுத்துப் பேசினார். பிறகு சிறையிலிருந்தபடியே அரசோடு பேச்சைத் தொடர்ந்தார். மறுத்ததும் பேசியதும் ஒரே மனிதர்தான்.

1990இல் அவர் விடுதலையானார். 1992இல் பேச்சுவார்த்தை முறிந்தது, நாடெங்கும் கொலைகள். அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. சில ஆண்டுகளுக்கு மட்டும், இதுவரை ஆண்ட வெள்ளையர்களின் தேசியக் கட்சிக்கும் ஆட்சியில் பங்கு தருவோம். பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுதி தருவோம் என்றார் ஜோ ஸ்லோவோ. கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர். ஆயுதப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். அவருடைய மனைவி ரூத் பர்ஸ்டை 1982இல் பார்சல் குண்டு அனுப்பிக் கொன்றது இதே அரசின் காவல்துறை. சொந்த விடுதலை இயக்கத்திலேயே அவருக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. அவர் பின்வாங்கவில்லை; கடைசியில் அந்த யோசனை ஏற்கப்பட்டது.

அவர் விட்டது பதவிகளை, அதுவும் ஒரு காலக்கெடுவுக்குள். ஆளுக்கொரு வாக்கு, பெரும்பான்மை ஆட்சி என்ற இரண்டையும் இயக்கம் கடைசிவரை விடவில்லை. 1994 ஏப்ரலில் கறுப்பின மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். தேசியக் கட்சி 1996இல் தானாகவே அரசிலிருந்து விலகியது.

நிலமும் செல்வமும் இன்னும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டி இந்த உடன்பாட்டைக் குறைகூறுவோர் அங்கே உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், அதைத் தீர்க்கும் வாக்குரிமை இன்று அந்த மக்களின் கையில் இருக்கிறது.

ஆகவே நேயர்களே, வளையமாட்டேன் என்று சொல்லும் தலைவரிடம் நாம் ஒன்றைக் கேட்கவேண்டும்: நீங்கள் காப்பது மக்களின் உரிமையையா, உங்கள் வீம்பையா? உரிமை என்றால் துணைநிற்போம். வீம்பு என்றால், அதற்கான விலையை நாம் ஏன் கொடுக்கவேண்டும்?