கணக்கு சார் வாங்கிய கடன்



வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. பிள்ளைகள் பந்தோடு வாசல்வரை வந்துவிட்டார்கள். கணக்கு சார் உள்ளே நுழைகிறார். "போர்ஷன் முடியலை, இந்த பீரியடை எனக்குக் குடுங்க" என்கிறார். இது நடக்காத பள்ளி உங்கள் ஊரில் உண்டா? கை தூக்குங்கள். ஒரு கைகூடக் காணோமே! கடன் வாங்கினால் திருப்பித் தரவேண்டாமா ஐயா?

கணக்கு எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எந்தக் குழியை அள்ளினால் கடைசிக் கொட்டை எங்கே விழும்? அடுத்தது வெறுங்குழியானால் தடவி எடுக்க அதற்கடுத்த குழியில் எத்தனை இருக்கும்? எதிராளிக்கு எங்கே நாலு சேர்ந்து பசுவாகும்? இத்தனையையும் கண்ணாலேயே கூட்டிக் கழித்துவிட்டுத்தான் எட்டு வயதுப் பெண் குழியில் கை வைக்கிறாள். அவளே கரும்பலகை முன்னால் திணறினால் 'மக்கு' என்கிறோம். யார் மக்கு?

வாய்ப்பாடு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆனால் காலையிலும் வாய்ப்பாடு, மாலையிலும் வாய்ப்பாடு, வீட்டுக்கு வந்தால் டியூஷனில் அதே வாய்ப்பாடு என்றால் எப்படி? ஓட்டுச் சில்லைக் காசாக்கிக் கடை வைத்து, பேரம் பேசி, சண்டை போட்டு, தானே பஞ்சாயத்தும் செய்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த வித்தையை எந்த நோட்ஸ் சொல்லித்தரும்?

2019-இல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று அறிவித்தார்களே, மறந்துவிட்டதா? பத்து வயதுப் பிள்ளைக்கு! எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, 2020 பிப்ரவரியில்தான் கைவிட்டார்கள். அரசாங்கம் விட்டது, நாம் விட்டோமா? இன்றைக்கும் எல்.கே.ஜி. பிள்ளையின் விரலைப் பிடித்து நாலுகோடு நோட்டில் அழுத்துகிறோமே!

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. செய்தும் தேடியும் கண்டறிந்தும் பிள்ளைகள் கற்கவேண்டும் என்கிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தாய்மார்களே, அந்த நாற்காலி டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கல்ல. அடுத்த கூட்டத்தில் மினிட் நோட்டை நீட்டும்போது பேனாவை மூடி வையுங்கள். மைதானத்தில் ஏன் கார் நிற்கிறது என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.