வயல் தண்ணீரும் மூளைக் காய்ச்சலும்

(பிச்சாவரத்தில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச வந்தது கூலியைப் பற்றி அல்ல, காய்ச்சலைப் பற்றி. ஆனால் நாம் செய்யும் வேலைக்கும் நமக்கு வரும் காய்ச்சலுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஆகவே, சற்றுப் பொறுமையாகக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள நம் சதுப்புக் காட்டில் மாலையானால் கொக்கும் மடையானும் வந்து அடைகின்றன. பொழுது விடிந்தால் அவை எங்கே போகின்றன? நாம் நாற்று நடும் வயலுக்குத்தான். அதே வயல் தண்ணீரில்தான் கொசு முட்டையிடுகிறது. வயலை ஒட்டிய குடியிருப்பில் பன்றி மேய்கிறது. அங்கேயேதான் நம் குழந்தைகளும் விளையாடுகிறார்கள். இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் மூளைக் காய்ச்சல் என்னவென்று விளங்கும்.

1955-ம் வருஷம் அன்றைய வட ஆற்காடு ஜில்லா வேலூரில்தான் இந்தியாவில் முதன்முதலாக மனிதர்களிடம் இந்த நோயைக் கண்டறிந்தார்கள். ஜப்பானில் முன்பே கண்டதால் ‘ஜப்பானிய மூளைக் காய்ச்சல்’ என்று பெயர். கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னாற்காடு ஜில்லாவிலும் இது பல தடவை தலைகாட்டியிருக்கிறது. 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் மூளைக் காய்ச்சல் பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குழந்தைகள்.

இது பரவும் விதம் என்ன? இந்த விஷக்கிருமி கொக்கு இனப் பறவைகளின் ரத்தத்தில் இருக்கிறது. பறவை நோய்வாய்ப்படுவதில்லை. கொசு பறவையைக் கடித்துவிட்டுப் பன்றியைக் கடிக்கிறது. பன்றியின் உடலில் கிருமி பல மடங்காகப் பெருகுகிறது. அந்தப் பன்றியைக் கடித்த கொசு அந்தி நேரத்தில் நம் குழந்தையைக் கடிக்கிறது. மாட்டையும் கொசு கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் மாட்டிடம் கிருமி பெருகுவதில்லை. மனிதனோடு பாதை முடிந்துவிடுகிறது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றாது. ஆகவே, நோய் கண்ட வீட்டை ஒதுக்கி வைப்பது அறியாமை. அம்மன் குற்றம் என்று காத்திருப்பதும் அப்படியே.

கிருமி புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் மூளையைத் தாக்கிவிட்டாலோ பத்துப் பேரில் மூன்று பேர் வரை சாகலாம். பிழைத்தவர்களிலும் பலர் கை கால் விளங்காமலும் பேச்சிழந்தும் போகிறார்கள். கிருமியை அழிக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. ஆனால் தடுப்பூசி உண்டு. 2006 முதல் இந்தியாவில் நோய் கண்ட ஜில்லாக்களில் குழந்தைகளுக்குப் போடப்பட்டு வருகிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் இன்னொன்று. வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகும் நம் குடும்பங்களில்தான் இரண்டாவது ஊசி தவறிப் போகிறது. தாய்மார்களே, அட்டையை எடுத்துப் பாருங்கள்!

இதே வயல் தண்ணீரில் இன்னொரு வியாதியும் காத்திருக்கிறது. அது எலிக் காய்ச்சல். எலியின் மூத்திரத்தில் உள்ள கிருமி தண்ணீரில் கலந்து, காலிலுள்ள வெடிப்பு வழியாகவும் புண் வழியாகவும் உடலில் புகுகிறது. 1915 வாக்கில் ஜப்பானிய விஞ்ஞானிகள் இந்தக் கிருமியை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் நின்று உழைக்கிறவனைத் தேடித்தான் அது வருகிறது. சுரங்கமானாலும் வயலானாலும், ஆலையின் சாக்கடையானாலும் சங்கதி ஒன்றே. சேற்றில் கை விட்டு மீனும் இறாலும் பிடிக்கும் நம் இருளர் சகோதரர்களும், வெறுங்காலோடு நாற்று நடும் பெண்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக வலித்தாலோ, கண் சிவந்தாலோ, மஞ்சள் பூத்தாலோ தாமதிக்காதீர்கள். இதற்கு மருந்து உண்டு. ஆரம்பத்திலேயே கொடுத்தால் குணமாகும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “நான் நடவு வேலை செய்கிறவள், தண்ணீரில் நின்றேன்” என்று. அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றும். காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தாலோ, நினைவு தடுமாறினாலோ, மந்திரிக்க நேரமில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கிருமியைக் கொல்ல மருந்து இல்லாவிட்டாலும், வலிப்பை அடக்கி மூச்சைக் காத்து உயிரை மீட்க வைத்தியம் உண்டு.

“பன்றியைக் கொல்லு, பன்றிக்காரனை விரட்டு” என்று சிலர் சொல்கிறார்கள். இது அநியாயம். பன்றி வளர்ப்பவனும் நம்மைப் போன்ற ஏழைதான். அவன் குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. அவனுக்கு வேண்டியது குடியிருப்பிலிருந்து தள்ளி ஒரு நல்ல பட்டி, அதற்கு ஓர் இடம். கொக்கைச் சுடுவதாலும் பயனில்லை. வயலை மூடிவிடவும் முடியாது. அது நம் சோறு. ஆனால் தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் கொசுப்புழு குறைகிறது. தமிழ்நாட்டு வயல்களிலேயே விஞ்ஞானிகள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கூடவே வேப்பம் பிண்ணாக்கும் இட்டுப் பார்த்து, பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் மடை திறப்பது கூலிக்காரன் கையில் இல்லை. நில உடைமையாளரும் பாசன அதிகாரியும் மனம் வைக்க வேண்டும்.

தோழர்களே! பன்றிக்கு ஓர் இலாகா, பயிருக்கு ஓர் இலாகா, மனிதனுக்கு ஓர் இலாகா என்று சர்க்கார் பிரித்து வைத்திருக்கிறது. கிருமிக்கு இந்தப் பிரிவினை தெரியாது. அது கொக்கிலிருந்து கொசுவுக்கும், கொசுவிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து குழந்தைக்கும் ஒரே பாதையில் வருகிறது. நாமோ மூன்று வாசலில் மனுக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கை இதுதான்: கால்நடை டாக்டரும், விவசாய அதிகாரியும், சுகாதார அதிகாரியும் ஒன்றாக நம் ஊருக்கு வரட்டும். ஒரே நாளில் வயலையும் பட்டியையும் குடிசையையும் பார்க்கட்டும். தண்ணீரில் நின்று வேலை செய்கிறவனுக்கு முழங்கால் வரை பூட்ஸ் கொடுக்கட்டும். ஒரு குழந்தைகூடத் தடுப்பூசி இல்லாமல் இருக்கக் கூடாது.

இதைக் கேட்க நாம் ஒன்றாக நிற்க வேண்டும்.