சிறார்க்கு நிலைப்பயிற்சியும் சுழற்பயிற்சியும்

(நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம் பிழையொன்றைக் கூறிப் பேச்சைத் தொடங்குகின்றோம். எம்மிடம் பயிலும் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பள்ளித் தோட்டத்துக் குட்டைச் சுவரின்மீது இரு கைகளையும் விரித்து, அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள். யாம் அதுகண்டு அஞ்சி, "இறங்கு!" என உரக்கக் கூவினோம். அதுகாறும் தளராதிருந்த குழந்தை எம் குரலால் திடுக்கிட்டு விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவளை வீழ்த்தியது சுவரன்று, எம் அச்சமே. அன்றுமுதல் இப்பொருளை ஆராயலானோம்.

குழந்தை தட்டாமாலை சுற்றினால் தடுக்கின்றோம். திண்ணை விளிம்பில் நடந்தால் அதட்டுகின்றோம். பெண்ணாயின், "அடக்கம் வேண்டும்" என்பதையும் சேர்த்துக்கொள்கின்றோம். ஆயின் இவை குறும்பல்ல; உடல் தனக்குத்தானே கற்பித்துக்கொள்ளும் பாடங்கள்.

உடல் நிலைகொள்ளத் துணையாவன மூன்று: கண்பார்வை, உட்செவி, தசையும் மூட்டும் உள்ளங்காலும் தரும் உணர்ச்சி. ஒவ்வொரு செவியினுள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள. தலை திரும்புங்கால் அவற்றிலுள்ள நீர் பின்தங்கி, நுண்மயிர்களை அசைத்து, மூளைக்குச் செய்தி விடுக்கின்றது. சுழற்சி நின்றபின்னும் அந்நீர் சிறிதுபோது ஓடுதலால், உலகமே சுழல்வதாகத் தோன்றுகின்றது. ஒற்றைக்காலில் நின்று கண்களை மூடிப் பாருங்கள். மூன்றனுள் ஒரு துணை நீங்கினால் நேரும் தடுமாற்றம் அப்பொழுதே விளங்கும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் உடற்கலை இவ்வுணர்வின்மீதே எழுந்தது. அதில் மகளிர் ஏறி ஆடும் கட்டையின் உயரம் 125 சென்டிமீட்டர். அகலமோ 10 சென்டிமீட்டரே. அகர்த்தலாவிற் பிறந்த தீபா கர்மாகர் என்னும் நம் நாட்டுப் பெண்மணி, 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தாவுமேசைப் போட்டியில் நான்காம் இடம் பெற்றார். 2021-இல் டோக்கியோவில், பெருவீராங்கனையாகிய சிமோன் பைல்ஸ், அந்தரத்திற் சுழலுங்கால் தம் உடல் இருக்கும் திசை விளங்காது போகவே, போட்டிகள் பலவற்றினின்றும் விலகினார்; சின்னாளில் மீண்டு கட்டைமீது ஆடி வெண்கலம் வென்றார். நிறுத்த அறிதலும் பயிற்சியின் ஒரு கூறே என்பதை இதனால் உணர்க.

நம் சிறார் ஒலிம்பிக் செல்லவேண்டுமென்பது எம் கருத்தன்று. விழாமல் நிற்கவும், விழுந்தால் காயமின்றி விழவும் கற்றல் வேண்டும் என்பதே. முதலில் தரையிற் சுண்ணாம்புக் கோடு கிழித்து, குதிகாலும் விரல்நுனியும் தொட நடக்கச் செய்க. பின்னர், ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாத பலகையின்மீது நடக்கவிடுக. ஒற்றைக்கால் நிலையைப் பத்து எண்ணுமளவும் பழக்குக. சுழலுங்கால் வலமாக மூன்று, இடமாக மூன்று என மெல்லச் சுற்றி, நின்றதும் சுவரிலுள்ள ஒரு புள்ளியை நோக்கச் செய்க. குட்டிக்கரணம் மெத்தைமீதே இடுக; மோவாய் மார்பிற் படிய, கைகளும் மேல்முதுகுமே எடை தாங்குக; தலையும் கழுத்தும் தாங்கலாகாது. உண்டவுடன் இவை வேண்டா. குழந்தை "போதும்" என்றால் அதுவே எல்லை. சிறுவரின் கைகளைப் பற்றித் தூக்கிச் சுழற்றுவோர் அதனை அறவே விடுக. அதனால் முழங்கை எலும்பு நழுவுதல் உண்டு.

அன்பர்களே! நம் சங்க மண்டபத்தின் பின்முற்றம் ஞாயிறுதோறும் வெறுமையாகவே கிடக்கின்றது. அங்கே இரண்டு பலகைகளும் நான்கு மெத்தைகளும் இடுவதற்கு ஆகும் செலவு பெரிதன்று. ஆண்மக்களோடு பெண்மக்களையும் அழைத்து வாருங்கள். அச்சிறுமி கை தேறிய பின்னர் எம்மிடம் வந்து, "ஐயா, மறுபடியும் சுவரில் நடக்கட்டுமா?" என வினவினாள். யாம் கோட்டில் தொடங்கிப் பலகை வரை அவளைப் பழக்கினோம், அருகிருந்தோம், கூவவில்லை. அவள் இறுதிவரை நடந்தாள்.