ஆயுதமற்றவரின் தற்காப்பு



போர்க்களத்தில் நிற்கும் வீரனுக்குப் பயிற்சி உண்டு, கவசம் உண்டு, கட்டளையிடத் தலைவன் உண்டு. ரயிலுக்காகக் காத்திருப்பவருக்கும், மருத்துவமனையில் நோயாளியின் அருகே அமர்ந்திருப்பவருக்கும் இவற்றுள் ஒன்றும் இல்லை. அத்தகையோர் நடுவே ஒருவன் துப்பாக்கியுடன் புகுந்து கண்டவரையெல்லாம் சுடத் தொடங்கினால் அவர்கள் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு விடை காண, நம் நாடு பெருவிலை கொடுத்துப் பெற்ற ஓர் அனுபவத்தை நினைவுகூர்தல் வேண்டும்.

2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு, கடல் வழியாக வந்த 10 பேர் மும்பை நகரின் பல இடங்களில் தாக்குதல் தொடுத்தனர். 29-ஆம் நாள் காலை அது முடிவுற்றபோது 166 பேர் உயிரிழந்திருந்தனர். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் மட்டும் மாண்டோர் 50-க்கு மேற்பட்டோர்.

அந்நிலையத்தின் அறிவிப்புக் கூடத்தில் அன்று பணியில் இருந்தவர் விஷ்ணு ஜெண்டே என்பவர். துப்பாக்கி ஏந்தியோர் வரும் திசையை அவர் மேலிருந்து கண்டார். ஒலிபெருக்கி வாயிலாக, பின்புற வாயில் வழியே வெளியேறுமாறு பயணிகளுக்குத் திரும்பத் திரும்ப அறிவித்தார். ‘ஓடுங்கள்’ என்பதோடு நில்லாமல், எவ்வழியே செல்ல வேண்டும் என்பதையும் அவர் கூறினார் என்பது கருதத்தக்கது. அவ்வறிவிப்பால் உயிர் தப்பியோர் பலர்.

ஆகவே, முதற்கடமை அவ்விடத்தை விட்டு அகல்வதே. நம் நாட்டில் திருமணத்துக்கும் தேர்தல் வெற்றிக்கும் வெடி கொளுத்துவது வழக்கமாதலின், துப்பாக்கி ஒலியைப் பட்டாசு என்றே பலரும் எண்ணி நின்றுவிடுவர். அவ்வாறு ஐயுற்று நிற்கும் சில நொடிகள் விலைமதிப்பற்றவை. ஐயம் தோன்றியவுடன் ஒலி வரும் திசைக்கு எதிர்த்திசையில் விலக வேண்டும். பெட்டியையும் பையையும் தேடலாகாது. மக்கள் அனைவரும் தாம் நுழைந்த வாயிலையே நாடுவர். சமையற்கூடத்தின் வழியாகவோ ஊழியர் செல்லும் வழியாகவோ வேறு வாயில் இருத்தலும் கூடும். வெளியேறியபின் வேடிக்கை பார்க்க நில்லாது, திண்ணிய கட்டடங்கள் இடையே நிற்கும் அளவு தொலைவுக்குச் செல்ல வேண்டும்.

ஓட இயலாதவர் நிலை என்ன? அதே இரவில் காமா மருத்துவமனையிலும் அவர்கள் புகுந்தனர். மகப்பேற்றுக்காகக் காத்திருந்த 20 பெண்கள் அங்கே அஞ்சலி குல்தே என்னும் செவிலியின் பொறுப்பில் இருந்தனர். அவர் அப்பெண்களைக் கூடத்தின் கோடியிலிருந்த ஒரு சிற்றறைக்குள் கொண்டு சேர்த்துக் கதவுகளை அடைத்து விளக்குகளை அணைத்தார். அவர்களுள் ஒருவருக்குப் பேற்றுவலி கண்டபோது, சுவரோரமாகவே நடத்திப் பேற்றறைக்கு அழைத்துச் சென்றார். 2022-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் முன் அவர் இவ்வனுபவத்தை எடுத்துரைத்தார்.

ஒளிவதற்கும் ஒரு முறை உண்டு. கண்ணுக்கு மறைவு வேறு. குண்டுக்குத் தடை வேறு. மரக்கதவும், மெல்லிய தடுப்புப் பலகையும், மோட்டார் வண்டியின் கதவும் கண்ணை மறைக்குமேயன்றிக் குண்டைத் தடுக்கமாட்டா. கான்கிரீட் தூண், தடித்த செங்கற்சுவர், வண்டியின் எஞ்சின் பகுதி ஆகியவை ஓரளவு காக்கும். அறைக்குள் புகுந்தால் தாழிட்டு, மேசை, பீரோ முதலியவற்றைக் கதவருகே நகர்த்த வேண்டும். கதவுக்கு நேரே நிற்றலாகாது. கைப்பேசியின் மணியை மட்டுமன்றி அதன் அதிர்வையும் நிறுத்துதல் வேண்டும். வெளியே எவரேனும் தட்டினாலும், காவலர் என்பது உறுதியாகும் வரை திறத்தல் கூடாது.

ஓடவும் ஒளியவும் வழியற்று, கொல்ல வந்தவன் எதிரே நிற்கும்போது மட்டுமே எதிர்த்தல் முறையாகும். அப்போதும் தனியொருவராக அல்லாமல் பலராகச் சேர்ந்து, நாற்காலியோ தீயணைப்புக் கருவியோ கைக்கு அகப்பட்டதைக் கொண்டு, தயங்காமல் செய்தல் வேண்டும். மும்பையில் கையில் தடி மட்டுமே கொண்டு எதிரியின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்ட காவல் அதிகாரி துக்காராம் ஓம்ப்ளே உயிர் நீத்தார். அவர் பிடித்த பிடியால் அக்கொடியவன் உயிரோடு அகப்பட்டான். 2009-இல் அவருக்கு அசோகச் சக்கரம் வழங்கப்பெற்றது. அத்தியாகம் போற்றத்தக்கது, எனினும் அதனை வழிப்போக்கர் யாவரிடமும் எதிர்பார்த்தல் நியாயமன்று.

பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் 112 என்னும் எண்ணை அழைத்து, இடம், தாக்குவோர் எத்தனை பேர், எத்திசையில் செல்கின்றனர் என்பவற்றைச் சுருக்கமாகக் கூற வேண்டும். ஆனால் அச்செய்தியையும் படத்தையும் ஊரெங்கும் பரப்பலாகாது. மும்பை நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சிகள் உடனுக்குடன் ஒளிபரப்பின. தாக்கியவர்களை அயல்நாட்டிலிருந்து தொலைபேசியில் இயக்கியோர் அதைக் கண்டே கட்டளையிட்டனர். 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதனைக் கடிந்துரைத்தது. பயங்கரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கைகளை நேரடியாக ஒளிபரப்பலாகாது என 2015-இல் விதியும் இயற்றப்பட்டது. இன்றோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா இருக்கிறது. ஆதலின் அப்பொறுப்பு நம் அனைவருக்கும் உரியதாயிற்று.

காவலர் வந்ததும் அவர்களை நோக்கி ஓடுதலும், அவர்கள் கையைப் பற்றுதலும் கூடா. வெறுங்கைகளை உயர்த்திக் காட்டி, அவர்கள் சொற்படி நடத்தல் வேண்டும். காயமுற்றோரைக் கடந்து அவர்கள் முன்னே செல்வராயின் அதனை இரக்கமின்மை எனக் கொள்ளலாகாது; சுடுபவனை நிறுத்துவதே அவர்தம் முதற்பணி. காயமுற்றவருக்கு அருகிலிருப்பவரே முதல் துணை. துணியைக் காயத்தின்மீது வைத்து இடைவிடாது அழுத்த வேண்டும். கை கால்களில் குருதி பீறிடுமானால், காயத்துக்கு மேலே சிறிது தள்ளி, மூட்டின்மீது படாமல், அகன்ற துணியால் இறுகக் கட்டிக் கட்டிய நேரத்தைக் குறித்தல் நன்று. மருத்துவர் கைக்குச் சேரும் வரை அக்கட்டைத் தளர்த்தலாகாது.

ஓடுவது கோழைத்தனம் அன்றோ எனச் சிலர் வினவக்கூடும். புறமுதுகு காட்டுதல் இழிவு என்று நம் முன்னோர் கூறியது, வேலேந்திப் போர்மேற் சென்ற வீரரை நோக்கியே. அச்சம் யாவற்றையும் பழித்தவர் அல்லர் வள்ளுவர். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவு என்பதே அவர் நெறி. ஆயுதமற்றவர் தம் உயிரையும், கைப்பற்றி அழைத்துச் செல்லும் குழந்தையின் உயிரையும் காத்தல் கடமையேயாகும். பொது இடங்களுக்குச் செல்லும்போது, வெளியேறும் வழிகள் இரண்டை ஒரு கணம் பார்த்து வைப்போம். தீ விபத்தாயினும் கூட்ட நெரிசலாயினும் அச்சிறு பழக்கம் துணை செய்யும்.