கம்ப்யூட்டர்க் காவலும் போலி உதவியாளரும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



இன்று எனக்கு நியமிக்கப்பட்ட விஷயம், கல்வி, விவாகம், தருமம் முதலியவற்றைப்போல நம் சபைகளில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்ததன்று. ஆயினும் நம் இல்லங்களின் பொருளையும், முதியோரின் மன அமைதியையும், மானத்தையும் ஒருங்கே தொடுவதாதலின், சற்றுப் பொறுமையுடன் கேட்டருளுமாறு வேண்டுகிறேன். கம்ப்யூட்டருக்குக் காவலாக வைரஸ் தடுப்பு மென்பொருளை அமைக்கப் புகுங்கால், "உதவி செய்கிறோம்" என்று குறுக்கே வந்து பொருளைக் கவர்ந்து செல்லும் வஞ்சகரிடமிருந்து தப்புவது எங்ஙனம் என்பதே அவ்விஷயம்.

வைரஸ் என்பது வெறும் கட்டுக்கதை அன்று. 1986-ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் இயற்றிய 'பிரெய்ன்' என்னும் வைரஸ், தட்டுகளின் வழியாகத் தேசந்தோறும் பரவிற்று. அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே தடுப்பு மென்பொருள் செய்து விற்கும் கம்பெனிகள் பல நாடுகளில் தோன்றின. நம் தேசத்திலும் சென்னையில் கே7, புனேயில் குவிக் ஹீல் என்பன எழுந்தன. ஆகவே நோயும் உண்மை, மருந்தும் உண்மை. இவ்விரண்டிற்கும் இடையே புகுந்து, நோயில்லாதவனுக்கு நோயுண்டென்று கூறி, மருந்தல்லாததை மருந்தென்று விற்கும் போலி வைத்தியனைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டும்.

இப்போலி வைத்தியன் நம் வீட்டு வாயிலை அடையும் வழிகள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, டெலிபோன். "மைக்ரோசாப்ட் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வைரஸ் பரவுவது எங்களுக்குத் தெரிகிறது" என்பான். இரண்டாவது, திரை. ஏதோவொரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் திடீரெனத் திரை முழுதும் செந்நிறமாகிச் சங்கொலி எழும், "அணைத்துவிடாதீர், உடனே இவ்வெண்ணுக்குப் பேசுக" என்று ஓர் எண் தோன்றும். மூன்றாவது, தேடுபொறி. தடுப்பு மென்பொருளை வாங்கியவர், அதனை அமைப்பதில் ஒரு தடை நேர்ந்ததும் கம்பெனியின் உதவி எண்ணைத் தேடுவார். பணம் கொடுத்து மேலே இடம்பெற்ற போலி விளம்பரத்தின் எண்ணே முதலில் அவர் கண்ணில் படும். நான்காவது, கடிதம். "தங்கள் சந்தா புதுப்பிக்கப்பட்டுப் பெருந்தொகை எடுக்கப்பட்டது, வேண்டாமெனில் இவ்வெண்ணில் தெரிவிக்க" என்று மின்னஞ்சலில் ஒரு பொய்ப் பட்டியல் வரும்.

இந்நான்கனுள் மூன்றாவதே மிகவும் அபாயமானது என்பது அடியேன் கருத்து. எங்ஙனமெனில், மற்ற மூன்றிலும் கள்வன் நம்மைத் தேடி வருகிறான்; இதிலோ நாமே அவனைத் தேடிச் சென்று அழைக்கிறோம். நாமே அழைத்தவனிடம் நமக்குச் சந்தேகம் எழுவதில்லை.

நிற்க. பேச்சில் அகப்பட்டவரை அவர்கள் நம்பச் செய்யும் உபாயங்களையும் அறிந்துகொள்வது அவசியம். விண்டோஸில் 'ஈவென்ட் வியூயர்' என்னும் நிகழ்ச்சிப் பதிவேடு ஒன்று உண்டு. நல்ல நிலையிலுள்ள இயந்திரத்திலும் அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் பல பிழைக்குறிப்புகள் காணப்படும். அவை பெரும்பாலும் தீங்கற்றவை. அவற்றைத் திறந்து காட்டி, "இவையெல்லாம் வைரஸ்" என்பார்கள். இன்னும் சிலர், "தங்கள் இயந்திரத்துக்கே உரிய இரகசிய எண்ணைக் கூறுகிறோம், ஒத்துப்பாருங்கள்" என்று 888 எனத் தொடங்கும் ஒரு நீண்ட எண்ணைப் படிப்பார்கள். திரையில் பார்த்தால் அவ்வெண்ணே இருக்கும்! கேட்பவர் திகைத்து முழுதும் நம்பிவிடுவார். உண்மை யாதெனில், அவ்வெண் ஒருவருக்கே உரியதன்று. விண்டோஸ் உள்ள இயந்திரம் எல்லாவற்றிலும் அதுவே இருக்கும். எல்லார் உள்ளங்கையிலும் ரேகை உண்டென்பதை அறியாதவனிடம், "உன் கையில் ரேகை இருக்கிறது" என்று சோதிடம் கூறுவதை இஃது ஒக்கும்.

இங்ஙனம் நம்பினவரிடம், தூரத்திலிருந்தே இயந்திரத்தை இயக்கும் எனிடெஸ்க், டீம்வியூயர் போன்றதொரு மென்பொருளை நிறுவச் சொல்லுவார்கள். இவை நேர்மையான காரியங்களுக்கென ஏற்பட்டவையே. ஆயினும் அவற்றை அந்நியனுக்குத் திறந்துவிடுவது வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுவதேயாகும். எனிடெஸ்க்கைக் கொண்டு வங்கிப் பணம் கவரப்படுவதைக் குறித்து ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் வங்கிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. சாவி கைக்கு வந்தபின், இலவசமாய்க் கிடைக்கும் ஒன்றையோ, ஒன்றுக்கும் உதவாத ஒன்றையோ நிறுவிப் பெரும் விலை பெறுவார்கள். "பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று கூறி, வங்கிப் பக்கத்தில் காணும் தொகையைத் திரையில் மட்டும் மாற்றி, "கைதவறி அதிகம் அனுப்பிவிட்டோம், மிச்சத்தைத் திருப்புங்கள்" என்று அழுது புலம்பிப் பறிப்பவரும் உளர்.

இஃது ஏதோ சிலருக்கு நேர்வதென்று எண்ணுதல் கூடாது. அமெரிக்க தேசத்து வர்த்தகக் கமிஷன் 2012 அக்டோபரிலேயே இத்தகைய கூட்டங்கள் ஆறின்மீது வழக்குத் தொடுத்தது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் அத்தேசத்தார் இவ்வகையில் இழந்ததாக எப்.பி.ஐ.க்குத் தெரிவித்த தொகை 92 கோடி டாலருக்கு மேற்பட்டது. அதிற் பெரும்பகுதி 60 வயதைக் கடந்தோர் இழந்ததாகும். நேரிற் கண்ட கடையாயினும் கண்ணை மூடி நம்பலாகாது என்பதற்கும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. அந்நாட்டு ஆபீஸ் டிப்போ என்னும் பெருங்கடையிலே, வைரஸ் இருக்கிறதா என்று இலவசமாய்ச் சோதித்தார்கள். வாடிக்கையாளர் நான்கு கேள்விகளில் ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால், இயந்திரத்தின் உண்மை நிலை எதுவாயினும், நோய்க்குறி உண்டென்று அச்சோதனை கூறிவிடும் என்று கமிஷன் குற்றஞ்சாட்டிற்று. அக்கடையும் அதன் கூட்டாளிக் கம்பெனியும் 2019-இல் மொத்தம் மூன்றரைக் கோடி டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டன.

நம் தேசத்துக்கும் இதில் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. மைக்ரோசாப்ட், அமேசான் கம்பெனிகளின் பெயரால் வெளிநாட்டாரை ஏமாற்றியோர் மீது அவை கொடுத்த புகார்களும் சேர, 2023 அக்டோபரில் மத்திய புலனாய்வுத் துறையார் பல மாகாணங்களில் 76 இடங்களைச் சோதனையிட்டனர். தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. வேலையின்றி வருந்தும் வாலிபர்க்கு, "ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும், நல்ல சம்பளம்" என்று ஆசை காட்டியே இக்கூடங்களில் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். நம் பிள்ளைகள் அங்ஙனம் ஒரு கூடத்தில் அமர்ந்து, எங்கோ ஒரு மூதாட்டியின் சேமிப்பைப் பேச்சால் பறிக்கும்படி நேருமாயின், அச்சம்பளத்தைக் கொண்டு நம் வீட்டில் உலை வைக்கலாமா? மகன் கொண்டுவரும் சம்பளத்தின் அளவைக் கேட்கும் தாய்தந்தையர், அது வரும் வழியையும் கேட்டறிய வேண்டும்.

இனித் தற்காப்பு முறைகளைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவதாக, விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதலாக, டிஃபென்டர் என்னும் தடுப்பு மென்பொருள் விண்டோஸுடன் விலையின்றியே சேர்ந்து வருகிறது. விண்டோஸையும் அதனையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டால், சாதாரணக் குடும்பத்தார் பலருக்கு அதுவே போதும். வேறொன்றும் வேண்டுவோர் ஒன்றையே வைத்துக்கொள்க. இரண்டு மூன்றை ஒருங்கே நிறுவினால் அவை ஒன்றையொன்று தடுத்து இயந்திரத்தை மந்தமாக்கும். பூட்டுடைத்த திருட்டுப் பிரதிகளைத் தொடவே வேண்டாம். காவலன் வேடத்தில் கள்வனே அவற்றுள் இருத்தல் கூடும்.

இரண்டாவதாக, வாங்குங்கால் கம்பெனியின் விலாசத்தைத் தாமே எழுத்தெழுத்தாக அடித்துச் செல்லுக. உதவி எண் வேண்டின், வாங்கிய பெட்டியிலோ மென்பொருளுக்குள்ளேயோ உள்ளதை நாடுக.

மூன்றாவதாக, மைக்ரோசாப்ட்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் டெலிபோன் எண் இராது. எண் கண்டால் பொய்யென்று தெளிக. திரை முடங்கினால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியை முடித்துவிடுக; அதுவும் இயலாவிடின் மின்விசையை நெடுநேரம் அழுத்தி அணைத்துவிடுக. மறுபடி திறக்கையில் பழைய பக்கத்தை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிடுக.

நான்காவதாக, புதுப்பித்தல் கடிதம் வந்தால் அதிலுள்ள எண்ணுக்குப் பேசாமல், வங்கிக் கணக்கைத் தாமே திறந்து பார்த்துப் பணம் போயிற்றா என்று அறிக. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை; கொடுப்பதற்கே தேவை என்பதை வீட்டிலுள்ளோர் அனைவரும் மனப்பாடம் செய்துகொள்க.

ஒருவேளை ஏமாற நேர்ந்தால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர் வேறொரு கருவியினின்று வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை நிறுத்துவித்து, கடவுச்சொற்களை மாற்றி, 1930 என்னும் எண்ணில் புகார் செய்ய வேண்டும். தூரத்து இயக்க மென்பொருளையும் நீக்க வேண்டும். இதில் தாமதம் ஆகாது. வாடிக்கையாளர் தாமே இரகசியத்தைக் கொடுத்துவிட்டாராயினும், வங்கிக்குத் தெரிவித்த பின்னர் நேரும் நஷ்டம் வங்கியையே சாரும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்தது. ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் பணமாகும். இயந்திரத்தைச் சுத்திசெய்யும் கருவிகளை, 2017-இல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் இலவசமாகவே வழங்குகிறது. "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கொடு" என்று பின்னால் வருபவன் முதல் கள்வனின் தம்பியே.

கடைசியாக, நம் சங்கத்தார்க்குச் சிறப்பாக உரிய இரண்டு விஷயங்கள். நாம் அச்சிடும் அங்கத்தினர் விலாசப் புத்தகத்தில் பெயர், பூர்விக ஊர், டெலிபோன் எண், வெளிநாட்டிலுள்ள மக்கள் விவரம் யாவும் அடங்கியுள்ளன. நல்லெண்ணத்துடன் செய்த இத்தொகுப்பு அந்நியர் கைப்பட்டால், "நானும் நம்மவனே, தங்கள் ஊரானே" என்று ஒருவன் உறவு பேசி நுழைவது எளிது. உறவு கூறுவது அத்தாட்சி ஆகாது. இனி அச்சிடுங்கால் எண்களையும் மக்கள் விவரங்களையும் குறைத்துக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். கல்வி நிதிக் கணக்கு இருக்கும் சங்கத்துக் கம்ப்யூட்டரிலும், இருவர் சம்மதமின்றி எதையும் நிறுவுவதோ பணம் அனுப்புவதோ கூடாதென்று ஒரு விதி செய்துகொள்வது நலம்.

மற்றொன்று, வீட்டு முதியோரைப் பற்றியது. மக்கள் கடல் கடந்து சென்றபின் தனித்திருக்கும் தாய்தந்தையர், அவர்கள் முகத்தைக் காண்பதற்கென்றே கம்ப்யூட்டரைப் பழகுகின்றனர். அவர்களுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால், "பிள்ளைகள் ஏசுவார்கள்" என்று அஞ்சி மறைத்துவிடுவதே பெருந்தீங்காய் முடிகிறது. மறைத்த நேரமே கள்வனுக்கு ஆதாயம். ஆதலின் வாலிபர்காள்! உங்கள் பெற்றோரிடம், "எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்; நாங்கள் கோபிக்கமாட்டோம்" என்று இன்றே உறுதி கூறுங்கள்; கூறியபடியே நடந்துகொள்ளுங்கள். எந்த மென்பொருளும் அவ்வளவு காவல் செய்யாது.