போரிக் பவுடர் வீடியோ: பார்த்தவர்கள் சொன்னதும், நான் சொல்ல வந்ததும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு பெரியவர்களை நிற்க வைத்திருக்கும் குழந்தைகளுக்கும் வணக்கம்.

நான் பி.காம். படித்தவன். 35 வருடம் வங்கியில் கிளார்க். வேதியியலுக்கும் எனக்கும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு தொடர்பு விட்டுப்போயிற்று. அப்படிப்பட்டவனை ஏன் பேசச் சொன்னார்கள் என்றால், போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நாம் போட்டுக் காட்டிய வீடியோவைப் பற்றி ஆலோசனைப் பதிவேட்டில் வந்து குவிந்த குறிப்புகளைப் படித்துப் பிரித்து வைத்தவன் நான். லெட்ஜரும் கையுமாக இருந்த பழக்கம். பிரித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. டாக்டர்களிடம் கேட்டேன், புத்தகங்களைப் பார்த்தேன். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

வராதவர்களுக்காக: வீடியோவில் ஒரு கண்ணாடித் தட்டில் வெள்ளைப் பொடி. அதன்மேல் மெத்தனால் என்ற ஆல்கஹாலை ஊற்றித் தீ வைக்கிறார்கள். தீ பச்சைப் பசேலென்று எரிகிறது. பொடி, போரிக் அமிலம். போரான் என்ற தனிமத்தின் சேர்மம். மெத்தனாலோடு சேர்ந்து அது ஆவியாகிற ஒரு பொருளாக மாறுகிறது. அந்த ஆவி எரியும்போது போரான் பச்சை நிறம் காட்டுகிறது. "நீங்கள் கேரம் பலகையில் தூவுகிற பொடி இதுதான்" என்று வீடியோவில் சொன்னவுடன் ஹாலில் எழுந்த சத்தம் கீழே வாட்ச்மேன் அறை வரை கேட்டதாம்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் பதிவேட்டில் எழுதினார்கள். ஒருவர், "விஷத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுவதா, உடனே நிறுத்துங்கள்" என்று. இன்னொருவர், "இதில் என்ன விஷம், எங்கள் அப்பா நகைப் பட்டறையில் நாள் முழுக்க வெங்காரத்தோடுதான் இருந்தார்" என்று. தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர், "மரத்துக்கு 50 கிராம் போடச் சொல்கிறார்கள், உரம் எப்படி விஷமாகும்?" என்று. ஓய்வு பெற்ற ஒரு சார், இது முழங்கால் வலிக்கு நல்லது, தண்ணீரில் கலந்து குடிக்கலாம் என்று வேறொரு வீடியோவில் பார்த்ததாக எழுதியிருந்தார். பையன்கள் ஸ்லைம் செய்ய அனுமதி கேட்டிருந்தார்கள். கடைசியாகப் பெயர் போடாத ஒரு குறிப்பு. அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் பேச ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

முதலில் பெயர்க் குழப்பம். வெங்காரம் என்பது போராக்ஸ். போரிக் அமிலம் வேறு. ஆனால் வெங்காரம் வயிற்றுக்குள் போனால் அங்குள்ள அமிலத்தில் போரிக் அமிலமாகவே மாறிவிடும். அதனால் உள்ளே போகிற விஷயத்தில் இரண்டும் ஒன்று. படிகாரம் வேறு, அது ஆலம், முகம் மழித்த பிறகு தேய்ப்பது. அப்பளக்காரம் வேறு. நவச்சாரம் வேறு. எல்லாம் வெள்ளை, பாதிக்குப் பெயரிலேயே காரம், நாட்டு மருந்துக் கடையில் ஒரே மாதிரிப் பொட்டலம். வாங்கி வந்தவுடன் பொட்டலத்தின் மேல் பேனாவால் பெயர் எழுதுங்கள். வங்கியில் செல்லானில் பெயர் இல்லாத பணத்தை நாங்கள் வாங்க மாட்டோம். சமையலறையில் பெயர் இல்லாத வெள்ளைப் பொடி அதைவிட மோசம்.

நகைப் பட்டறையில் வெங்காரம் உருகி உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கரைத்து எடுக்கிறது. அப்போதுதான் பற்று சரியாகப் பிடிக்கும். தோப்பு நண்பர் சொன்னதும் சரி. தென்னையில் போரான் குறைந்தால் குருத்து விரியாமல் நெரிந்து போகும். அதற்கு வெங்காரம்தான் மருந்து. ஆனால் அவரிடமே கேட்டேன், 50 கிராமுக்குப் பதில் ஐந்து மடங்கு போட்டால்? "இலை ஓரம் கருகிப் போகும் சார்" என்றார். போதாமைக்கும் மிகுதிக்கும் நடுவே இடைவெளி குறைவான சத்து அது. அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாமா என்றால், காட்டலாம். லடாக்கில் புகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளின் ஓரம் வெங்காரம் படிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கே திபெத்திலிருந்து இமயமலை தாண்டி இது போயிற்று. இன்று உலகிலேயே பெரிய இருப்பு துருக்கியில். உங்கள் வீட்டில் சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் இருக்கிறதே, அதில் போரான் இருக்கிறது. கல்பாக்கத்தில் வேக ஈனுலையைக் கட்டுப்படுத்தும் தண்டுகள் போரான் கார்பைடு. 1986-ல் செர்னோபிலில் உலை வெடித்தபோது ஹெலிகாப்டரிலிருந்து கொட்டிய பொருள்களில் போரானும் உண்டு. நியூட்ரானை விழுங்குகிற குணம் அதற்கு. மின்நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்கிற நம் நெய்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆனால் ஒன்று. பொடியைப் பற்றி எழுதிய அத்தனை பேரில் அதன்மேல் ஊற்றிய திரவத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அந்த வீடியோவிலேயே ஆபத்தானது மெத்தனால். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரை விட்டது இந்த மெத்தனால் கலந்த சாராயத்தால். குடித்தால் மட்டுமல்ல. அமெரிக்காவில் பள்ளி வகுப்பறைகளில் இதே மாதிரி நிறத் தீ காட்டும்போது, எரிகிற தட்டில் பாட்டிலிலிருந்து திரும்ப ஊற்றி, தீ பாட்டிலுக்குள் பாய்ந்து பிள்ளைகள் கருகியிருக்கிறார்கள். அங்குள்ள வேதிப் பாதுகாப்பு வாரியம் 2014-ல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. அதனால் தம்பிகளே, பச்சைத் தீயைத் திரையில் பார்த்ததோடு சரி. மொட்டை மாடியில் செய்து பார்க்கிற வேலை வேண்டாம். சானிடைசரை வைத்துக்கூட வேண்டாம்.

ஸ்லைமுக்கும் பதில் இல்லை என்பதுதான். கனடா சுகாதாரத் துறை 2016-லேயே வீட்டில் செய்யும் விளையாட்டுப் பொருள்களில் போரிக் அமிலம் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. பிசைந்த கை வாய்க்குத்தானே போகும்.

முழங்கால் வலி சாருக்கு வருகிறேன். 2023 ஜூலையில் அமெரிக்காவில் டிக்டாக்கில் இது பெரிய அலையாக ஓடியது. துணி துவைக்க விற்கிற போராக்ஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் மூட்டு வலி போகும், வீக்கம் வற்றும் என்று. பார்த்தவர்கள் குடித்தார்கள். டாக்டர்களும் நச்சுத் தகவல் மையங்களும் பதறி மறுப்புச் சொன்னார்கள். டிக்டாக்கை நம் அரசு 2020 ஜூனிலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் வாட்ஸ்அப்புக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது பாருங்கள்.

அவர்கள் சொல்கிற வாதம் ஒன்று உண்டு. எலிக்குக் கொடுத்துப் பார்த்ததில், ஒரே வேளையில் உயிர் போக்குகிற அளவை வைத்துப் பார்த்தால் வெங்காரம் சாப்பாட்டு உப்பைவிடக் கொடியது அல்ல என்று. அந்தக் கணக்கு பொய் அல்ல. ஆனால் அது ஒரே வேளைக் கணக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த எலிகளில் ஆண் எலிகளின் விதைப்பை பாதிக்கப்பட்டது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் பொருள்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் வெங்காரம் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருள் அல்ல.

எனக்குத் தெரிந்த வேலை கணக்கு. அதைப் போட்டுக் காட்டுகிறேன். நிலக்கடலை, பருப்பு, திராட்சை என்று சாதாரணச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 1 முதல் 3 மில்லிகிராம் போரான் நமக்கு வருகிறது. பெரியவர்களுக்கு அமெரிக்காவில் வைத்த மேல் எல்லை 20 மில்லிகிராம். 1 கிராம் வெங்காரத்தில் 113 மில்லிகிராம் போரான். 1 கிராம் என்பது கால் டீஸ்பூன். ஐந்தரை மடங்குக்கு மேல். மேலே போனதை வெளியே அனுப்ப வேண்டியது சிறுநீரகம். நம் வயதில், சர்க்கரையும் பிரஷரும் வைத்துக்கொண்டு, அந்த ஓவர்டிராஃப்டை யார் கட்டுவது? சார், முழங்காலுக்கு எலும்பு டாக்டரைப் பாருங்கள். நான் கூட வருகிறேன். எனக்கும் வலது கால்.

இப்போது பெயர் போடாத குறிப்பு. மூன்று வரிதான். "எங்கள் வீட்டில் பிறந்து 40 நாளான குழந்தையின் நாக்கில் பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவுகிறார்கள். நான் சொன்னால் சண்டை வரும். கூட்டத்தில் பொதுவாகச் சொல்லுங்கள்." எந்த வீடு என்று நான் தேடவில்லை. நீங்களும் தேடாதீர்கள். நம் குறிஞ்சிப்பாடிப் பக்கம் இந்தப் பழக்கம் இல்லாத தெரு எது? நாக்கில் வெள்ளை படிந்தால், வாய்ப்புண் வந்தால், பாட்டிமார் கை முதலில் போவது இதற்குத்தான். பிரியத்தில் செய்வது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரர்களும் போராக்ஸைத் தேனில் கலந்து பாட்டிலிலேயே விற்றார்கள். குழந்தை சப்புகிற ரப்பரில் அதைத் தொட்டு வாயில் வைத்தார்கள். 1983-ல் ஒரு மருத்துவ இதழில் ஏழு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஏழுக்கும் வலிப்பு. காரணம் தேடிப் போனால் அந்தப் பாட்டில். அதற்கு முன்னாலேயே, 1953-ல் வந்த ஒரு கட்டுரை உலகம் முழுக்க அதுவரை பதிவான 109 போரிக் அமில விஷக் கேஸ்களைத் தொகுத்திருந்தது. துணி உரசிப் புண்ணான இடத்தில் பவுடராகப் போட்டதால் பாதிக்கப்பட்ட சிசுக்களும் உண்டு. நல்ல தோலில் அவ்வளவாக இறங்காது, புண்ணில் இறங்கிவிடும்.

உயிருக்கு ஆபத்தான அளவு என்று பழைய மருத்துவ நூல்கள் போரிக் அமிலத்துக்குத் தருகிற கணக்கு: பெரியவர்களுக்கு 15 முதல் 20 கிராம், பிள்ளைகளுக்கு 5, 6 கிராம், கைக்குழந்தைக்கு 2, 3 கிராம். ஒரு டீஸ்பூன் பொடி ஏறக்குறைய 4 கிராம். தடவுவது விரல் நுனி அளவுதானே என்பீர்கள். விரல் நுனிதான். ஆனால் தினமும், நான்கு கிலோ எடையுள்ள உடம்புக்கு, இன்னும் முழு பலம் வராத சிறுநீரகத்துக்கு. போனது வெளியேறுவதற்குள் அடுத்தது வந்து சேருகிறது.

"பொரித்தால் விஷம் முறிந்துவிடும்" என்று என்னிடம் இரண்டு பேர் சொன்னார்கள். இதை நன்றாகக் கவனியுங்கள். வெங்காரத்தைச் சூடாக்கினால் பொங்கிப் பூப்போல ஆகிறதே, அப்போது வெளியேறுவது அதிலுள்ள தண்ணீர். போரான் எங்கேயும் போவதில்லை. முழுக்கப் பொரித்தால் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் போய்விடும். ஆக 1 கிராம் பொரித்த வெங்காரத்தில் பொரிக்காததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு போரான். பூ மாதிரி லேசாக இருப்பதால் குறைவாக எடுக்கிறோம் என்று தோன்றும்.

படித்துத் தேர்ந்த சித்த மருத்துவர் சுத்தி செய்து, அளந்து, நோயாளியைப் பார்த்துத் தருவதைப் பற்றி நான் பேசவில்லை. அது அவர் பொறுப்பு. பாக்கெட்டைப் பிரித்துக் கரண்டியில் பொரிக்கிற வீட்டு வைத்தியத்தைச் சொல்கிறேன். தேனும் ஒரு வயதுக்குள் வேண்டாம் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் குடலில் விஷம் உண்டாக்கும். நாக்கில் லேசான வெள்ளை பல நேரம் பாலின் படிவுதான், ஈரத்துணியால் போய்விடும். போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பாட்டிமார்களே, அம்மாக்களே, நீங்கள் நாலு பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தீர்கள், ஒன்றும் ஆகவில்லை. உண்மை. அதே தெருவில், காரணம் தெரியாமல், "தோஷம்", "செவ்வாப்பு" என்று சொல்லி நாம் பறிகொடுத்த குழந்தைகளும் உண்டு. அவற்றில் எது எதனால் போயிற்று என்று அன்றைக்கு யார் எழுதி வைத்தார்கள்? மருமகளோ மகளோ இதைச் சொன்னால் உங்களை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள். கவுன்ட்டரில் 35 வருடம் வாங்கிய பழக்கம் இருக்கிறது.

ஏற்கனவே தடவி வருகிற குழந்தை பால் குடிக்காமல் இருந்தாலோ, விடாமல் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தாலோ, தோல் சிவந்து உரிந்தாலோ, வலிப்பு மாதிரி கை கால் இழுத்தாலோ நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மற்ற இரண்டு விஷயம், சீக்கிரம் முடிக்கிறேன். கரப்பான் பூச்சிக்குப் போரிக் பவுடரைச் சர்க்கரையில் உருட்டி வைப்பது நல்ல முறைதான், மெதுவாக வேலை செய்யும். ஆனால் தவழுகிற குழந்தைக்கு அது மிட்டாய். அடுப்பு மேடைக்குக் கீழே திறந்து வைக்காதீர்கள். கேரம் அறை: மரிய இருதயம் இரண்டு முறை உலகப் பட்டம் வாங்கிய ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பொடியை வாயால் ஊதாமல் துணியால் துடையுங்கள், ஆடி முடித்துக் கை கழுவிய பிறகு பஜ்ஜி சாப்பிடுங்கள். போரிக் இல்லாத பொடியும் கடையில் வருகிறது. தீர்ந்த பிறகு அதையே வாங்கலாம் என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்போதுள்ள டப்பா இன்று முதல் அலுவலக அலமாரியில் இருக்கும். சாவி வாட்ச்மேனிடம். பெரியவர் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ தொடரும். அடுத்தது நிலக்கரி பற்றியது. அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு அண்ணன் ஒருவரே பக்கத்தில் நின்று விளக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாலை 5 மணி. பெரியவர்களும் வந்து உட்காருங்கள், பிள்ளைகளுக்கு நாற்காலி கீழே போட்டுக்கொள்ளலாம்.