முதலில் வந்தவரும் முதலில் காக்கப்பட வேண்டியவரும்



வங்கியிலும் இரயில் நிலையத்திலும் முதலில் வந்தவர்க்கே முதலிடம். மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இந்நெறி மாறுகிறது. எவர் உயிர் மிகுந்த இடரில் உள்ளதோ, அவர்க்கே அங்கு முதலிடம். நோயாளரை இவ்வாறு வகைப்படுத்துவதை மருத்துவர் 'டிரையேஜ்' என்பர். பிரித்தெடுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. நெப்போலியனின் படை மருத்துவரான லாரே, பதவியைப் பாராது காயத்தின் கடுமையையே நோக்கிச் சிகிச்சையளித்த நெறியிலிருந்து இம்முறை வளர்ந்தது.

தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் இதனைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் நிறங்களாகப் பகுக்கிறது. சிவப்பு உடனடி சிகிச்சைக்கு. மஞ்சள் விரைவில் கவனிக்க வேண்டியவர்க்கு. பச்சை சற்றுக் காத்திருக்கக் கூடியவர்க்கு. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்திலிருந்து ஒருவரைப் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப் பாலம் கடந்தாக வேண்டும். அவ்வாறு வந்து சேர்பவர்க்கு வாயிலில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் பெரிது.

இப்பணியில் இன்று கணினியும் துணைநிற்கிறது. இங்கிலாந்தின் சில மருத்துவமனைகளில் வந்தவரே தொடுதிரையில் தம் பெயரையும் துன்பத்தையும் பதிகிறார். விடைகளைக் கொண்டு கருவி அவசரநிலையைக் கணித்துச் செவிலியர்க்கு அறிவிக்கிறது. இந்தியாவில் 2022 அக்டோபரில், குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடித்து 'ஆபா' கணக்கின் வழியே புறநோயாளர் சீட்டுப் பெறும் முறை தொடங்கியது. எனினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. சீட்டு, வரிசை எண்ணைத் தருவது; டிரையேஜ், வரிசையையே மாற்றுவது.

தற்பதிவால் நன்மை உண்டு. எழுத்தரின் சுமை குறையும். கூட்டத்தில் உரக்கச் சொல்லக் கூசும் நோயைத் தனிமையில் தெரிவிக்கலாம். ஆயினும் கருவி, சொன்னதை மட்டுமே அறியும். நெற்றியில் அரும்பும் வியர்வையையும் உதட்டின் நீலத்தையும் அது காணாது. நம் முதியோரோ, பிள்ளைகளுக்குத் தொல்லை தரலாகாதென்று, "ஒன்றுமில்லை, வெறும் வாயுதான்" என்பர். நீரிழிவுள்ள முதியோர்க்கு நெஞ்சுவலி இன்றியே மாரடைப்பு வருவதுண்டு. மூச்சுத்திணறலும் மேல்வயிற்று வேதனையுமே அறிகுறிகளாகலாம். அங்கே 'வாயு' என்னும் பதிவு பச்சை நிறத்தை வாங்கித் தந்துவிடக் கூடும்.

சொல்லிலும் இடர் உண்டு. 'மயக்கம்' என்று தமிழர் கூறுவது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவிழப்பாகவும் இருக்கலாம். மருத்துவத்தில் இரண்டும் வேறு. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வினாக்கள் இவ்வேறுபாட்டை விளக்காவிடில், கருவியின் கணிப்பே பிழைபடும். செவிலியரோ, "கண் இருண்டதா? விழுந்தீர்களா?" என்று மறித்துக் கேட்பார்.

நோன்பு நாட்களில் இவ்வெச்சரிக்கை மேலும் தேவை. நீரிழிவு மருந்து உட்கொண்டு உபவாசம் இருப்பவர்க்குச் சர்க்கரை தாழ்ந்தால், நாக்குழறலும் குழப்பமும் பக்கவாதம் போலவே தோன்றும். நோன்பையும் மருந்தையும் முதலிலேயே சொல்லிவிட்டால், விரல்நுனிச் சோதனை ஒன்றே உண்மையைக் காட்டிவிடும். உண்மையான பக்கவாதமாயின், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். ஆதலின் எப்போது தொடங்கியது என்பதை உடன்வருவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

முறைமைகளைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நினைவிழப்பு, வாய் கோணல், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றில் திரையின்முன் நிற்றல் வேண்டா; செவிலியரிடமே நேரே செல்க. காத்திருக்கையில் நிலை மோசமானால் மீண்டும் தெரிவிக்க. பின்வந்தவர் முன்னே அழைக்கப்படின் சினவாதிருக்க. அவர் உயிர் நூலிழையில் இருக்கலாம்.

மருந்துக் கொடையைப் பேரறமாகப் போற்றிய மரபு இது. இளையோர் தத்தம் இல்லத்து முதியோரின் நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி, கைப்பேசியிலும் சேர்த்து வைத்தால், அதுவும் அவ்வறமே. கருவி வரட்டும், அதனருகில் ஒரு மனிதரும் இருக்கட்டும்.